ஐம்பதாயிரத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் நடுவே: கொங்கு நாட்டில் தொழில் நடத்தும் பெண்கள்

கோவையில் பம்ப்செட்டும் வெட் கிரைண்டரும், திருப்பூரில் பனியனும், கரூரில் திரைச்சீலையும் மேசைவிரிப்பும், சென்னிமலையில் பெட்ஷீட்டும், பவானியில் ஜமக்காளமும், சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் காடாத் துணியும், பொள்ளாச்சியில் தேங்காயும் நாரும், ஈரோட்டில் மஞ்சளும் ஜவுளியும், நாமக்கல்லில் முட்டையும் என்று ஊருக்கு ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டு முன்னேறிய பகுதி கொங்கு நாடு. இவற்றில் பெண்ணின் உழைப்பு இல்லாத தொழில் ஒன்றைக் காட்டுவது கடினம். இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நூற்பாலைகளும் பின்னலாடைக் கம்பெனிகளும் நிறைந்த நம் மாவட்டங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் சனிக்கிழமை மாலையில் சம்பளம் வாங்கும் வரிசையில் நிற்கும் பெண்களின் எண்ணிக்கையையும், அந்தச் சம்பளத்தை எண்ணிக் கொடுக்கும் இடத்தில் இருக்கும் பெண்களின் எண்ணிக்கையையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

2013-14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில், பெண்கள் நடத்தும் தொழில் நிறுவனங்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான் கிடைத்தது. மொத்தத்தில் 13.5 சதவீதம் இங்கே இருந்தன. பெருமைப்பட வேண்டிய செய்திதான். அதே கணக்கெடுப்பின் இன்னொரு பக்கத்தையும் படிக்க வேண்டும். நாடு முழுவதும் பெண்கள் நடத்திய நிறுவனங்களில் 83 சதவீதத்தில் கூலிக்கு ஓர் ஆள்கூட இல்லை. அந்தப் பெண்ணும் வீட்டாருமே முதலாளி, அவர்களே தொழிலாளி. ஐந்தில் நான்கு நிறுவனங்கள் சொந்தக் கைப்பணத்தில் நடந்தன. பிறகு சிறு தொழில்களுக்காக ஒன்றிய அரசு 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் என்ற இணையப் பதிவு வேறொரு கோணத்தில் இதையே காட்டியது. அதில் பதிவான சிறு, குறு நிறுவனங்களில் பெண்களுக்கு உரியவை 20.5 சதவீதம் என்றும், முதலீட்டில் அவற்றின் பங்கு 11 சதவீதம் என்றும், விற்றுமுதலில் 10 சதவீதத்தைச் சற்றே தாண்டியது என்றும் ஒன்றிய அரசின் புள்ளிவிவரம் சொன்னது. ஐந்தில் ஒரு கடை பெண்ணுடையது. பத்தில் ஒரு ரூபாய் அவளுடையது.

இந்த எண்களை ஒன்றாகச் சேர்த்துப் படித்தால், பெண்கள் தொழில் தொடங்கத் தயங்குகிறார்கள் என்று சொல்ல இடமே இல்லை. அவர்கள் ஏராளமாகத் தொடங்குகிறார்கள். தொடங்கிய அளவிலேயே தொழில் நின்றுவிடுவதுதான் பிரச்சினை. நான்கு மெஷின் நாற்பது மெஷின் ஆவதில்லை. வீட்டு அடுப்பில் தொடங்கிய மசாலாப் பொடி தனி ஷெட்டுக்குப் போவதில்லை. அரசும் வங்கிகளும் தரும் உதவிகளின் எடை முழுவதும் தொடக்க நாளில் விழுகிறது. சிரமமோ இரண்டாம், மூன்றாம் ஆண்டில், ஆர்டர் பெருகத் தொடங்கும்போது வருகிறது. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

தொடக்க உதவிகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கொங்கின் வடக்கு எல்லையை ஒட்டிய தர்மபுரியில் 1989இல் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி குழுக்களுக்கும் வங்கிகளுக்கும் பாலம் போட்டது. அதற்கு முன்பு வங்கிப் படியேறாத பெண்கள் சேமிப்புப் புத்தகமும் கையெழுத்துமாக உள்ளே போனது அப்போதுதான். இன்று முத்ரா கடன் இருக்கிறது: சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை, தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை. மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை மதிப்பிட்டுக் கேட்கலாம்; பெண் என்றால் சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும், மானியம் நகரத்தில் 25 சதவீதமும் கிராமத்தில் 35 சதவீதமும் கிடைக்கும். மாநில அரசின் நீட்ஸ் திட்டம் 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான தொழில்களுக்கு 25 சதவீத மானியமும் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் தருகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், ஐந்தாண்டுகளில் ஒரு லட்சம் பெண்களைத் தொழில்முனைவோராக்க 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு மானியம் தரும் தனித் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பயிற்சிக்கும் குறைவில்லை. ஈரோட்டில் கனரா வங்கியின் பயிற்சி மையம் இலவசமாகச் சோறும் போட்டுத் தொழில் கற்றுத் தருகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சிறுதானியம், காய்கனி மதிப்புக்கூட்டல் பயிற்சிகள் தொடர்ந்து நடக்கின்றன.

மானியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பல பெண்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். பிரதமரின் திட்டத்தில் மானியத் தொகை பயனாளியின் கைக்கு வராது. வங்கியிலேயே மூன்றாண்டுக்கு வைப்பாகக் கிடக்கும். தொழில் உண்மையில் நடக்கிறதா என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கடனில் கழிக்கப்படும். அந்தத் தொகைக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்றாண்டைத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அதற்குள் இருக்கும் நிபந்தனை. அந்த மூன்றாண்டில் என்ன நடக்கிறது?

சனிக்கிழமைச் சம்பளமும் அறுபது நாள் பில்லும்

திருப்பூரில் எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஊர் நடப்பிலிருந்து வெகுதூரம் விலகியவை அல்ல. ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள், ஹெல்பர், செக்கிங் பார்ப்பவர் என்று பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஆள் கூலி மாறினாலும் சராசரியாக நாளுக்கு 600 ரூபாய் என்று வைத்தால், ஆறு நாளுக்கு 36,000 ரூபாய். ஷெட் வாடகை, மின்சாரம், ஊசி, எண்ணெய், மெஷின் ரிப்பேர், கட்டிங் பீஸை எடுத்துவரவும் தைத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஆகும் டெம்போ வாடகை எல்லாம் சேர்ந்தால் வாரச் செலவு 50,000 ரூபாய் ஆகிவிடும். இந்தப் பணத்தில் பெரும்பகுதி சனிக்கிழமை மாலைக்குள் கையில் இருந்தே ஆக வேண்டும். சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போனால் டெய்லர்கள் திங்கட்கிழமை அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பில் பணம் எப்போது வருகிறது? அறுபது நாள் என்பது நல்ல கம்பெனி. அறுபது நாள் என்றால் எட்டரை வாரம். வாரத்துக்கு 50,000 என்றால் நான்கேகால் லட்சம் ரூபாய் எப்போதும் வெளியே நிற்கிறது என்று பொருள். தொண்ணூறு நாள் ஆனால் ஆறு லட்சத்துக்கு மேல். இத்தனைக்கும் துணி கம்பெனியுடையது. கூலியும் நடைமுறைச் செலவும் மட்டும் இது. இடையில் அளவு தப்பு, கறை, தையல் பிசகு என்று டெபிட் நோட் போட்டுப் பிடித்தம் செய்வதும் உண்டு. அந்தப் பிடித்தத்தை எதிர்த்துப் பேசினால் அடுத்த லாட் வராது என்ற பயம் எப்போதும் இருக்கிறது. முத்ரா சிசு கடனின் உச்சவரம்பான 50,000 ரூபாயை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது அவளுடைய ஒரு வாரச் செலவு.

முத்ரா கணக்குகளில் பெரும்பான்மை பெண்களுடையவை என்று அரசு சொல்வது உண்மை. எண்ணிக்கையில் அந்தக் கடன்களில் மிகப் பெரும்பாலானவை சிசு பிரிவில் தரப்பட்டவை என்பதும் உண்மை. கிஷோர் பிரிவுக்கு ஏறினால் நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு வேண்டிய தொகை கிடைக்கும். அங்கே போக அவள் வருமான வரி ரிட்டர்ன், ஜிஎஸ்டி விவரம், வங்கிக் கணக்கில் ஓடிய வரவு செலவு ஆகியவற்றைக் காட்ட வேண்டியிருக்கிறது. ரொக்கமாகவும் துண்டுச் சீட்டிலும் நடந்த தொழில், வங்கியின் கண்ணுக்கு நடக்காத தொழில். மேலும் திட்டக் கடன்களில் பெரும்பங்கு மெஷினுக்கு ஒதுக்கப்படுகிறது. கொட்டேஷன் கொடுத்த கடைக்கே வங்கி நேராகப் பணம் அனுப்பிவிடும். மெஷின் வந்து இறங்குகிறது. அதை ஓட்டுவதற்கான சனிக்கிழமைப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் திட்ட அறிக்கையில் ஒரு வரி மட்டும் இருக்கிறது.

அந்தப் பணம் வரும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. முதலில் நகை. அரைமணி நேரத்தில், கேள்வி கேட்காமல், கணவர் கையெழுத்துக் கேட்காமல் கிடைக்கும் ஒரே கடன் நகைக்கடன் என்பதால், சீராக வந்த வளையலும் சங்கிலியும் கொங்கு நாட்டுப் பெண்களின் முதல் நடைமுறை மூலதனமாக இருக்கின்றன. அடுத்து ஏலச்சீட்டு, முன்கூட்டியே தள்ளி எடுத்தால் கழிவு அதிகம். அதற்கும் அடுத்தது வாரத் தவணை மைக்ரோ பைனான்ஸ். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குத் தரும் இத்தகைய கடன்களில், எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்தது. ஆனால் இரண்டு மூன்று இடத்தில் வாங்கிய கடன்களைச் சேர்த்துக் கணக்கிடுவது கள நிலவரத்தில் எளிதாக இல்லை. வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து வசூலிக்கும் கொடுமையைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஒரு கம்பெனி அறுபது நாள் தாமதமாகப் பணம் தருவதால் ஏற்படும் பள்ளத்தை ஒரு பெண் வாரத் தவணைக் கடனால் நிரப்பினால், அந்தக் கம்பெனியின் வட்டியை அவள் கட்டுகிறாள் என்றுதான் அர்த்தம். இதைத் தொழில் நடைமுறை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி விதித்தபோது இந்தச் சங்கிலியின் பலவீனம் நன்றாகத் தெரிந்தது. வாங்குபவர் ஏற்றுமதியாளரிடம் தள்ளுபடி கேட்கிறார். ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் ரேட்டைக் குறைக்கிறார் அல்லது பில்லைத் தள்ளிப்போடுகிறார். கடைசியில் நிற்பவர் அதை யார் மீதும் தள்ள முடியாது. அந்தக் கடைசி இடத்தில் பெண்கள் நடத்தும் சிறு யூனிட்டுகள் அதிகம். வீட்டில் இருந்தபடியே பிசிர் வெட்டிக் கொடுக்கும் பெண்கள் அதற்கும் கீழே இருக்கிறார்கள்.

நிலம் யார் பெயரில்

வங்கி ஈடு கேட்கக் கூடாது என்று விதி இல்லாமல் இல்லை. சிறு, குறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை ஈடில்லாமல் கடன் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2010லேயே வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. கடன் திரும்பாவிட்டால் வங்கியின் நட்டத்தில் பெரும்பகுதியை ஏற்கும் கடன் உத்தரவாத நிதியும் இருக்கிறது. அதில் பெண்களுக்குக் கூடுதல் காப்பும் உண்டு. ஆனாலும், "வீட்டுக்காரரையும் ஒருக்கா கூட்டிட்டு வந்துருங்கம்மா" என்ற வார்த்தையைக் கேட்காமல் கடன் வாங்கிய பெண்கள் கொங்கு நாட்டில் அபூர்வம். கணவர் வந்ததும் பேச்சு அவரை நோக்கித் திரும்புவதும், தோட்டத்துப் பத்திரம் பற்றிய கேள்வி எழுவதும் வழக்கமாக நடப்பவை.

தோட்டம் அவள் பெயரில் இருப்பதில்லை. அதற்குச் சட்டம் காரணமல்ல. தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு தந்தது, அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்கள் மட்டும் விலக்கு. 2005இல் ஒன்றியச் சட்டம் அந்த விலக்கையும் நீக்கியது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தந்தை 2005இல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று தெளிவுபடுத்தியது. நம் பக்கத்து வழக்கமோ சீரும் நகையும் மகளுக்கு, நிலம் மகனுக்கு என்பது. தந்தை காலமானதும் அல்லது பாகப்பிரிவினையின்போது சகோதரிகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவதைக் குடும்பப் பாசத்தின் அடையாளமாகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். மறுத்தால் பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சம் பாசத்தோடு கலந்தே இருக்கிறது. கொங்கு நாட்டின் தொழில் வளர்ச்சியில் தோட்ட வருமானமும் தோட்டத்தை அடமானம் வைத்துப் புரட்டிய பணமும் எவ்வளவு பங்கு வகித்தன என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏணியின் முதல் படியில் பெண்ணின் பெயர் இல்லை.

மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது நூறு வயதைத் தாண்டிய இயற்கை விவசாயி என்றே நாடு அவரைக் கொண்டாடியது. பாட்டி வழியில் வந்த மளிகைக் கடையை நடத்தி, சிற்றுண்டிக் கடையும் வைத்து, அதில் மிச்சம் பிடித்த பணத்தில் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலத்தைத் தானே வாங்கியவர் அவர் என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. 2024இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளிலும் அது ஒரு வரியாகக் கடந்துபோனது. தொழில் நடத்தும் பெண்களுக்கு அவர் வாழ்க்கையில் அதுதான் முக்கியமான பகுதி என்று நான் நினைக்கிறேன்.

2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை தருகிறது தமிழ்நாடு அரசு. திருப்பூர், கோவை சுற்றுவட்டாரத்தில் 10 லட்சத்துக்கு வாங்கக்கூடிய இடம் எவ்வளவு என்று பார்த்தால் சலுகையின் எல்லை தெரியும். என்றாலும் பத்திரத்தில் பெண்ணின் பெயர் வருவதற்கு ஒரு காரணத்தைத் தந்த அளவில் அது நல்லது.

பெயர் மட்டும் அவளுடையதாக இருக்கும் இன்னொரு நிலையையும் பேச வேண்டும். மானியம் பெண்ணுக்கு அதிகம், வட்டி சற்றுக் குறைவு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் கணவருக்குக் கெட்டுவிட்டது, பழைய ஜிஎஸ்டி எண்ணில் பாக்கி நிற்கிறது என்ற காரணங்களால் மனைவி பெயரில் கம்பெனி தொடங்குவது நம் ஊர்களில் மிகச் சாதாரணம். அந்தப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போட்ட காசோலைப் புத்தகம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தொழில் நன்றாக நடக்கும்வரை ஒன்றும் தெரிவதில்லை. காசோலை திரும்பினால் வழக்கு அவள் பெயரில் வருகிறது. வரி நோட்டீஸ் அவள் பெயரில் வருகிறது. பின்னாளில் அவள் தானாக ஒரு தொழில் தொடங்க வங்கிக்குப் போனால் அவள் சிபில் மதிப்பெண்ணும் கெட்டிருக்கிறது. இதற்கு நேர் எதிராக, மாட்டைப் பராமரித்துப் பால் கறந்து ஊற்றுபவள் அவளாக இருக்க, பால் சங்கத்தில் உறுப்பினர் அட்டையும் பணம் ஏறும் வங்கிக் கணக்கும் கணவர் பெயரில் இருப்பதும் இங்கே உண்டு. பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் இத்தனை என்று அரசு எண்ணும்போது முதல் வகை சேர்ந்துவிடுகிறது, இரண்டாம் வகை விடுபட்டுவிடுகிறது. ஆகவே மேலே தந்த சதவீதங்களையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

உணவுத் தொழிலில் நுழைவது எளிது. சிறு உற்பத்தியாளருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். மரச்செக்கு எண்ணெய், சத்துமாவு, முருங்கை இலைப் பொடி, ஊறுகாய் என்று ஒவ்வொரு ஊரிலும் நல்ல சரக்குச் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். கடைகளில் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு; அடுத்த லோடு இறக்கும்போது பழைய பில்லுக்குப் பணம் என்பது வழக்கம். பத்துக் கடையில் சரக்கு வைத்தால் பத்து இடத்துக்குப் பணம் கேட்டு அலைய வேண்டும். நாளைக்கு வாங்கம்மா என்று அனுப்பப்படுவதும், ஆண் வந்து கேட்டால் மட்டும் கல்லாப்பெட்டி திறப்பதும் பல பெண்கள் சொல்லும் அனுபவம்.

இங்கே சாதியைப் பேசாமல் தாண்டிப் போவது நேர்மையாகாது. 2018இல் அவிநாசி வட்டாரத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்துப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பி, அவர் இடமாற்றப்பட்டு, பின்னர் போராட்டத்துக்குப் பிறகே பழைய இடத்துக்குத் திரும்பினார். அரசு வேலையிலேயே இந்த நிலை என்றால், அந்தச் சமூகத்துப் பெண் தன் பெயரை லேபிளில் போட்டு இட்லிப் பொடி விற்கும்போது என்ன நேரும் என்பதை ஊகிக்கலாம். கொங்கு நாட்டுத் தொழில், மாமன் மச்சான், பங்காளி, சம்பந்தி என்ற உறவு வட்டத்துக்குள் பணமும் ஆர்டரும் நம்பிக்கையும் சுழன்று வளர்ந்தது. அந்த வட்டம் கூட்டாளிகளாக ஏற்றுக்கொண்டது பெரும்பாலும் ஆண்களை. அதற்கு வெளியே பிறந்த பெண்ணுக்கு இரண்டு கதவுகள் அடைபட்டிருக்கின்றன. பட்டியல் வகுப்பினருக்கென 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் தருவது அவசியமான உதவி. ஆர்டர் தருவது யார் என்ற கேள்வியை அது தொடவில்லை.

நாற்பத்தைந்து நாள் சட்டம்

என் பார்வையில், தொழில் நடத்தும் பெண்களுக்கு இன்று இருக்கும் மிக வலுவான உதவி எந்த மானியத் திட்டமும் அல்ல. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம்தான். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ வேலையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாகச் சேரும். பணம் வராதவர் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். கோவையிலேயே மண்டல மன்றம் இருக்கிறது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் வாங்குபவர் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். இவ்வளவு பற்களுள்ள சட்டம் வேறு எங்கே இருக்கிறது? 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் துணைக்கு வந்தது: குறித்த காலத்துக்குள் பணம் தராத பில்லை அந்த ஆண்டுச் செலவாக வாங்குபவர் காட்ட முடியாது.

எனினும் இதைப் பயன்படுத்தும் பெண்கள் மிகக் குறைவு. அதற்குப் பயம் ஒரு காரணம். மன்றத்துக்குப் போனவர் என்று பெயர் வந்தால் ஊர் முழுக்க வேலை நின்றுவிடும் என்கிறார்கள், அது கற்பனைப் பயமும் அல்ல. வரி விதி வந்த புதிதில், உத்யம் பதிவு இல்லாதவரிடமே வாங்குகிறோம் என்று சொன்ன வணிகர்கள் உண்டு. இதைத் தனியொரு பெண்ணின் துணிச்சலுக்கு விட்டுவிடுவது நியாயமில்லை. தொழில் சங்கங்கள் உறுப்பினர் சார்பில் பொதுவாகக் கடிதம் அனுப்பலாம், தாமதிக்கும் கம்பெனிகளோடு பேசலாம். பெரும்பாலான சங்கங்களில் பெண்கள் உறுப்பினராகவே குறைவு, செயற்குழுவில் இன்னும் குறைவு. மகளிர் அணி என்று தனியாக ஒன்றைத் தொடங்கிக் கண்காட்சி நடத்துவதோடு நிற்காமல், பாக்கி வசூலைப் பேசும் குழுவில் பெண்களை உட்கார வைப்பது இன்றைக்கு வேண்டியது.

நிச்சயமான சந்தை அடுத்த தேவை. பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருவது பல ஆண்டுகளாக நடந்துவரும் நல்ல ஏற்பாடு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கிராமப் பள்ளிகளில் மகளிர் குழுவினர் சமைக்கிறார்கள். சமைப்பவருக்குக் கிடைப்பது மதிப்பூதியம். அதே சமையலுக்கு வேண்டிய மசாலாவையும் எண்ணெயையும் ரவையையும் பக்கத்து ஒன்றியத்துப் பெண்களின் யூனிட்டுகளிலிருந்து வாங்கி முப்பது நாளில் பணம் தந்தால், அது எத்தனையோ பயிற்சி முகாம்களுக்கு ஈடாகும். ஒன்றிய அரசுத் துறைகள் தம் கொள்முதலில் 3 சதவீதத்தைப் பெண்களின் நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற விதி 2018 முதல் இருக்கிறது; உள்ளாட்சி மட்டத்தில் அதைப் போன்ற ஒன்று வந்தால் கொங்கு நாட்டுச் சிறு யூனிட்டுகளுக்கு நேரடியாகப் பயன்படும்.

குழந்தைப் பராமரிப்பு பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் கம்பெனிக்குச் சென்று பில் பேச வேண்டிய பெண்ணின் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு எந்தத் திட்டத்திலும் இன்னும் விடை இல்லை.

சட்டத்தின் பயன் வேண்டுமென்றால் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை. அதை முதல் ஆர்டருக்கு முன்பே செய்ய வேண்டும். வேலையை முடித்த பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பாக்கிக்கு இந்தச் சட்டப்படி வட்டி கேட்ட வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாங்கி விற்கும் வணிகர்களும் உத்யமில் பதியலாம், ஆனால் 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. இளம்பிள்ளைச் சேலையை வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்ணுக்கு இது பொருந்தாது, அதே சேலைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுக்கும் பெண்ணுக்குப் பொருந்தும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட வேண்டும். ஆர்டரைப் போனில் சொன்னால், ரேட், எண்ணிக்கை, தேதியைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சரக்கை இறக்கும்போது டெலிவரி சலானில் கம்பெனி ஆளின் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும், ஏனென்றால் நாள் கணக்கு சரக்கை ஏற்றுக்கொண்ட அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். குறை இருந்தால் 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதுகிறது. மூன்று மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டுக்கு அந்தக் கையெழுத்திட்ட சலான்தான் பதில்.